நடுவில் விட்ட இடம்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் தேடிப் போகவில்லை. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இசிடோர் தபால் நிலையத்துக்குள் வந்தார். ரோமத் தொப்பியைக் கூடக் கழற்றாமல் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, தன் பேருக்கு ஒரு பார்சல் வரும், அதைப் பெட்டியில் போட வேண்டாம், உள்ளேயே வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். பெட்டிச் சாவி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. மனைவி டெல்ஃபின் யாரையாவது அனுப்பி எடுத்து வரச் சொல்லிவிடுவார். அதுதான் அவர் பயம்.

பனி சூழ்ந்த வடகோடியில், ஆற்றங்கரையில் இருக்கிற இந்த ஊரின் தபால் நிலையத்தைப் பதினான்கு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஆண்கள் என்னென்ன வரவழைப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. துப்பாக்கிக்குத் தொலைநோக்கி, பனி வண்டிக்கு உதிரிபாகம், வழுக்கைக்கு எண்ணெய். அடுத்த வாரம் பார்சல் வந்தது. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. சின்னப் பெட்டிதான், ஆனால் கல்லைப் போலக் கனம். சாய்த்தால் உள்ளே மணல் சரிகிற சத்தம். பாசிமணி. இங்கே பாதி வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருகிற பொருள்தான். ஆனால் அறுபத்தொரு வயதில், நெடுஞ்சாலையில் பனி தள்ளும் கிரேடர் ஓட்டுகிற ஒருவர், இந்தப் பிரதேசத்திலேயே நேர்த்தியான மணிவேலைக்காரியின் புருஷன், அவருக்குத் தெரியாமல் பாசிமணி வரவழைக்கிறார் என்றால்?

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி:

"வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. டெல்ஃபின் ஜன்னலோரம் உட்கார்ந்து, உயிரற்றுப்போன தன் வலது கையை"

அதோடு நின்றுவிட்டது. பல மாதம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, நான் எழுதியதை டெல்ஃபினுக்குச் சொல்லிக் காட்டினேன். (தமிழில் எழுதி, அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துச் சொல்வேன். அவர் டீ குடித்துக்கொண்டே கேட்பார்.) இந்த முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஜன்னலோரம் நான் எப்ப உக்காந்தேன்? அங்க உக்காந்தா டிவி தெரியாது."

அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை. தப்பாகப் போட்ட தையலைப் பிரித்த பிறகும் துணியில் ஊசித் துளை தெரியும் என்று இந்த ஊரில் இருந்துதான் கற்றுக்கொண்டேன்.

2

சரி, ஜன்னல் இல்லாமல் சொல்கிறேன்.

டெல்ஃபினுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூஸ் என்கிற பெருங்கொம்பு மானின் தோலை உரித்து, சுரண்டி, அதன் மூளையையே தேய்த்துப் பதப்படுத்தி, மக்கிய மரத்தூளில் புகை போட்டு, தேன் நிறத்துக்குக் கொண்டுவந்து, வெட்டி, தைத்து, மேலே மணியால் பூ வேலை செய்து மொக்காசின் என்கிற ஒரு ஜோடி மெல்லிய தோல் காலணியாக உங்கள் மடியில் வைப்பது வரை எல்லாமே அவர் கைதான். ஊரில் டிரம் ஆட்டம் நடக்கும்போது கூடத்தின் தரையைக் குனிந்து பார்த்தால் போதும். சுற்றி வருகிற கால்களில் பாதிக்கு மேல் அவர் தைத்தது.

போன நவம்பரில் ஆற்றில் வலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் கையிலிருந்து டீக் கோப்பை நழுவியது. எடுக்கக் குனிந்தார், எழவில்லை. பக்கவாதம். விமானத்தில் நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து வாரம். பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை என்று இசிடோர் எல்லோரிடமும் பெருமூச்சோடு சொன்னார். வலது கை திரும்பவில்லை. வலது கால் பாதி திரும்பியது. முழங்காலுக்குக் கீழிருந்து உள்ளங்கால் வரை வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று மாட்டிவிட்டிருந்தார்கள். அந்தப் பட்டை நுழைவதற்காகவே அகலமான, ஒட்டுப்பட்டை வைத்த இரண்டு வெள்ளை ஷூ.

இந்த இடத்தில் நான் டெல்ஃபினை அழவைத்திருந்தேன். மணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பத்தி முழுக்க. அவர் கேட்டுவிட்டு, "அழுதது நான் இல்ல, நீ. எடுத்துரு" என்றார். உண்மையில் நடந்தது இதுதான்: வீட்டுக்கு வந்த அன்றே மணிப் பெட்டியை அலமாரிக்கு மேலே, தன் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னார். அப்புறம் ஹாக்கி பார்க்க ஆரம்பித்தார். எல்லா ஆட்டமும். முன்பெல்லாம் தைத்துக்கொண்டே காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

புத்தாண்டு டிரம் ஆட்டத்துக்குக் கிளம்பச் சொன்னபோது அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"கால்ல ரெண்டு ஃப்ரிட்ஜைக் கட்டிக்கிட்டு நான் வரமாட்டேன்."

இசிடோர் தனியாகப் போனார். நானும் அங்கே இருந்தேன். அவர் ஆடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ கால்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை ஜோடி டெல்ஃபினுடையது என்று. நாற்பத்தாறு வரை எண்ணியபோதுதான் உறைத்ததாம்: இத்தனை வருடத்தில் டெல்ஃபினுக்கு ஒருவரும் ஒரு ஜோடி தைத்துக் கொடுத்ததில்லை. அவருக்கு வேண்டியதை அவரே தைத்துக்கொண்டார். இனி அதுவும் முடியாது.

3

இப்போது எனக்குச் சந்தேகம் கொடுத்த ஆள் வருகிறாள். கிளாரிஸ். இசிடோரின் தங்கை மகள், வயது இருபத்து நான்கு. என் முதல் பிரதியில் இவள்தான் கெட்டவள். ஒரு கெட்டவள் இருந்தால் கதை எழுத வசதியாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு குளிர்காலம் டெல்ஃபினின் மேசையில் உட்கார்ந்து கிளாரிஸ் தைத்தாள். கை நல்ல கை. மூன்று வருடத்துக்கு முன், மணிவேலை எப்படிச் செய்வது என்று ஒரு வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். அதில் அவள் தைத்துக் காட்டியது டெல்ஃபினின் பூ. டெல்ஃபினின் அம்மாவிடமிருந்து டெல்ஃபினுக்கு வந்த பூ வடிவம்; அந்தக் குடும்பம் சொல்லாமல் வேறு யாரும் தைப்பதில்லை. ஒரு மாதத்தில், எங்கோ தெற்கே ஒரு நகரத்தில், முகம் தெரியாத ஒருத்தி அதைத் தன் கைப்பையில் தைத்துப் படம் போட்டிருந்தாள். கிளாரிஸ் வீடியோவை அன்றைக்கே எடுத்துவிட்டாள். ஆனால் பூ போனது போனதுதான்.

டெல்ஃபின் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த முறை கிளாரிஸ் வந்தபோது, அவள் வழக்கமாக உட்காருகிற நாற்காலி வீட்டுக்குள் இல்லை. வாசல் தாழ்வாரத்தில் இருந்தது. அவ்வளவுதான். கிளாரிஸ் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்த நாற்காலியில் பிறகு பனி பூட்ஸுகளை அடுக்கி வைத்தார்கள்.

(மன்னிப்பு கேட்டிருக்கலாமே என்று கிளாரிஸிடம் நானே ஒருமுறை கேட்டேன். "கேட்டா 'சரி'ன்னு சொல்லிருவாங்க. அதான் பயமா இருந்துச்சு" என்றாள். இந்தப் பதில் எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. ஆனால் இதைக் கேட்ட அன்றுதான் அவளைக் கெட்டவள் பதவியிலிருந்து நீக்கினேன்.)

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் ஊர்க் கூடத்தில் கிளாரிஸ் வகுப்பு நடத்துகிறாள். எட்டுப் பெண்கள் வருவார்கள். ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய், கதவைத் திறந்துகொண்டு இசிடோர் உள்ளே வந்து நின்றார்.

"மாமா, கவுன்சில் மீட்டிங் நாளைக்குத்தான்" என்றாள் கிளாரிஸ்.

"தெரியும். தைக்க வந்தேன்."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள். இசிடோர் அதுவரை காத்திருந்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டி, காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். யாருக்கு என்று கிளாரிஸ் கேட்டாள். சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு ஊசி வேலை அது. ஒரு ஊசியில் மணிகளைக் கோத்துக் கோட்டின் மேல் படுக்கவைக்க வேண்டும். இரண்டாவது ஊசி இரண்டு மணிக்கு ஒருமுறை மேலே வந்து அந்த நூலைத் துணியோடு கட்டிப் போட வேண்டும். இசிடோரின் விரல்களுக்கு நடுவில் ஊசி காணாமல் போனது. முதல் வாரம் ரத்தம். இரண்டாவது வாரம் கிரேடரின் கருவிப் பெட்டியிலிருந்து சின்ன இடுக்கியைக் கொண்டுவந்து, ஊசியை அதைக் கொண்டு பிடித்து இழுத்தார். பெட்ரோல் நிலையத்துக் காபி மேசையில் செய்தி பரவியது. டிரம் அடிக்கிற போனிஃபாஸ் எல்லோரும் கேட்கும்படி, இசிடோர் அடுத்த வாரம் பாவாடை தைக்கப் போகிறாரா என்று விசாரித்தார். உன் இடுப்பளவு சொல், உனக்கே தைக்கிறேன் என்றார் இசிடோர். அதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

4

கால் அளவு எடுத்த காட்சி. இதை இரண்டு விதமாக எழுதினேன். முதல் விதம்:

"மதியச் சாப்பாட்டுக்குப் பின் டெல்ஃபின் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இசிடோர் திருடனைப் போல மண்டியிட்டு, அவருடைய பாதத்தின் கீழே ஓர் அட்டையைப் பிடித்து, பென்சிலால் மெல்ல மெல்ல"

படித்துக் காட்டினேன். இசிடோரும் பக்கத்தில் இருந்தார். ஆமாம், அப்படித்தான், பன்னிரண்டு நிமிடம் ஆனது, மூச்சுகூட விடவில்லை என்றார் பெருமையாக.

டெல்ஃபின் டீயைக் கீழே வைத்தார்.

"உள்ளங்கால்ல பென்சில் ஓடும்போது எவ தூங்குவா?"

இசிடோரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு மாதம் கழித்து அப்போதுதான் அவருக்கே தெரிகிறது.

ஆகவே இரண்டாவது விதம், டெல்ஃபின் சொன்னபடி: இசிடோர் வலது காலில்தான் ஆரம்பித்திருக்கிறார். பட்டையோடு சேர்த்து அளந்திருக்கிறார். டெல்ஃபினுக்கு அது தெரியவே இல்லை. அந்தக் காலில் உணர்ச்சி இல்லை. பிறகு இடது காலுக்கு வந்தார். பென்சில் குதிகாலைச் சுற்றியதும் விழிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். கூச்சத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது; உதட்டைக் கடித்துக்கொண்டார். இவர் என்ன செய்கிறார் என்பது உடனே புரிந்துவிட்டது. ஆயிரம் பேர் கால் அளவு எடுத்தவர்.

ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்டேன். மனுஷன் எவ்வளவு தூரம் போகிறார், பார்க்கலாம் என்று இருந்தாராம். அப்புறம், வலது காலைத் தொட்டது தனக்குத் தெரியவில்லையே என்பதைத்தான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இதை எழுதிக்கொள்ளலாமா என்றேன். ஒரு வரி போதும் என்றார்.

எழுதிவிட்டேன்.

5

மொக்காசினில் பாதத்தின் மேலே வருகிற நாக்கு வடிவத் துண்டு ஒன்று உண்டு. கண்ணில் படுகிற இடம் அதுதான் என்பதால் மணிவேலை முழுதும் அதில். மார்ச் கடைசிக்குள் இசிடோர் வலது காலுக்கான துண்டில் தண்டு போட்டுவிட்டார், இலைகள் போட்டுவிட்டார், ஓரம் கட்டிவிட்டார். நடுவில் பூ வர வேண்டும். டெல்ஃபினின் பூவை வரைந்து கொடு என்று கிளாரிஸிடம் கேட்டார்.

கிளாரிஸ் மாட்டேன் என்றாள். அவர் கெஞ்சினார், அதட்டினார், நான் உன் தாய்மாமன் என்று ஞாபகப்படுத்தினார். அவள் துணியிலிருந்து தலை நிமிரவில்லை.

"அது என் கையில இல்ல, மாமா. ஒரு தடவ என்னுதுன்னு நெனச்சுக் குடுத்துட்டேன். நீங்க அவங்ககிட்டயே கேளுங்க."

வேறு பூ போடலாமே என்றார். டெல்ஃபினின் காலில் வேறொருவர் பூவா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் நடுவில் இடத்தை விட்டுவிட்டு, துண்டைச் சுருட்டி, தன் சாப்பாட்டுப் பெட்டியில் உலர்ந்த இறைச்சிக்குக் கீழே வைத்துக்கொண்டார். அங்கேயே அது மூன்று வாரம் இருந்தது.

ஏப்ரலில் ஒரு காலை, ஆற்றுப் பனி உடைகிறது என்று யாரோ கத்த, இசிடோர் பெட்டியைச் சமையலறை மேசையில் அப்படியே விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினார். வருடத்துக்கு ஒருமுறை நடப்பது, ஊரே ஓடும். டெல்ஃபின் மட்டும் வீட்டில். பிளாஸ்க்கைக் கழுவலாம் என்று இடது கையால் பெட்டியைத் திறந்தார்.

(இந்த இடத்தில் என் கதாபாத்திரம் என்ன நினைத்தது என்று எனக்குத் தெரியும் என்பது போல எழுதினால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்தது அவர் சொன்னது மட்டும்தான். சொன்னது இவ்வளவு.)

முதலில் திருப்பிப் பார்த்தார். மணிவேலை தெரிந்தவர்கள் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். முடிச்சு எல்லாம் இலைக்குக் கீழே ஒளிந்திருந்தது. ஒவ்வோர் இரண்டாவது மணிக்கும் கட்டு. நூல் முடிகிற இடத்தில் மூன்று முறை பின்தையல். இதெல்லாம் அவருடைய முறை, அட்சரம் பிசகாமல். இசிடோருக்கு இது வானத்திலிருந்து வந்திருக்காது. யார் சொல்லிக் கொடுத்தது என்பதைத் தையலே சொல்லிவிட்டது. பிறகு முன்பக்கம் திருப்பினார். நடுவில் வெற்றுத் துணி.

இசிடோர் பூட்ஸெல்லாம் சேறாக வந்து நின்றபோது துண்டு மேசை மேல் விரித்திருந்தது.

"பூ எங்க?" என்றார் டெல்ஃபின்.

இசிடோர் தொப்பியைக் கழற்றினார்.

"அவ குடுக்கல. குடுக்கறதுக்கு அது அவளோடது இல்லையாம். உங்கிட்டயே கேக்கச் சொல்லிட்டா."

டெல்ஃபின் துண்டை மறுபடி திருப்பிப் பார்த்தார். வெளியே பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் வீடு வரை கேட்டது. இசிடோர், தான் இத்தனை நாள் மறைத்ததற்கு என்ன திட்டு விழப்போகிறதோ என்று காத்திருந்தார்.

"இந்த எலை என்ன, நாய் மென்னு துப்புன மாதிரி இருக்கு?" என்றார் டெல்ஃபின். "பிரி அத. அலமாரி மேல இருந்து பெட்டிய எறக்கு."

6

அடுத்த ஆறு வாரத்தை நான் ஒரே வாக்கியத்தில் தாண்டிவிடப் பார்த்தேன். "அதன்பின் இருவரும் சேர்ந்து மொக்காசினை முடித்தார்கள்." அழகான வாக்கியம். அந்த வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று அவர்கள் சண்டையைக் கேட்டவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

மணிவேலை பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை அந்தப் பிளாஸ்டிக் பட்டை. அதை மாட்டிய கால் மடங்காது. சாதாரண மொக்காசினில் காலை வளைத்து நுழைப்போம். இந்தக் கால் கட்டையைப் போல நேராக இறங்க வேண்டும். இதற்கு வெட்டும் மாதிரி யாரிடமும் இல்லை. டெல்ஃபினிடமும் இல்லை. அவர் சோளப்பொரி டப்பாவின் அட்டையில் இசிடோரை வெட்டச் சொன்னார். முதலாவது, பட்டையிடம் நின்றுவிட்டது. இரண்டாவது, மீன் பையைப் போலத் தொங்கியது. மூன்றாவதுக்கு முன் டெல்ஃபின் இரண்டு நாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார். முன்பக்கத் திறப்பைக் கணுக்காலோடு நிறுத்தாமல் விரல் வரை கொண்டுபோவது. காலை மேலிருந்து தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவது போல வைப்பது. பிறகு இரண்டு பக்கமும் மூடி, விரலருகே மட்டும் தைத்த பூத்துண்டை மேலே படியவிட்டு, நீளமான தோல்வாரால் சுற்றிக் கட்டுவது. இப்படி ஒரு மொக்காசினை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

தோல் ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். போன இலையுதிர் காலத்தில், கை இருந்தபோது, அவரே புகை போட்ட தோல். தப்பாக வெட்டினால் வேறு கிடையாது. அட்டையை வைத்துக் கோடு போட்டாயிற்று. இசிடோர் கத்திரியை எடுத்தார், வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடி எடுத்தார். பனிப்புயலில் கிரேடரோடு பள்ளத்தில் இறங்கியபோதுகூட இப்படிப் பயப்படவில்லை என்று என்னிடம் சொன்னார்.

"வெட்டு" என்றார் டெல்ஃபின்.

"கோணிப்போச்சுன்னா?"

"கோணல் கால்தானே. வெட்டு."

வெட்டினார். கோணவில்லை.

பூ.

(இங்கே ஒரு நிபந்தனை. இந்தக் கதையை எழுத டெல்ஃபின் சம்மதித்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பூ எப்படி இருக்கிறது என்று எழுதக் கூடாது. எத்தனை இதழ், என்ன நிறம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எதுவும். ஒப்புக்கொண்டேன். என் எழுத்து வாழ்க்கையில் நான் விவரிக்காமல் விட்ட முதல் பூ இதுவாகத்தான் இருக்கும்.)

கோதுமை மாவைத் தண்ணீரில் குழைத்து, ஒரு குச்சியைத் தொட்டுத் துணியில் வரைவதுதான் வழக்கம். காய்ந்தால் வெள்ளைக் கோடு நிற்கும். அதன் மேல் மணி ஓடும். டெல்ஃபின் முதன்முறையாக இடது கையில் குச்சியைப் பிடித்தார். கோடு நடுங்கியது. ஓரிடத்தில் விலகிப்போய், திரும்பி வந்தது. இதழ் ஒன்று மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது. (பெரிதாக என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இதற்கே திட்டு விழும்.) இசிடோர் ஈரத் துணியை எடுத்து, விலகிய கோட்டைத் துடைத்துச் சரிசெய்யப் போனார்.

"தொடாத. நான் என்ன போட்டிருக்கேனோ அப்படியே தை."

"இது உங்க அம்மாவோட பூ மாதிரி இல்லையே."

"இல்லதான். இது இந்தக் கையோட பூ."

இரண்டு காலுக்கும் தனித்தனியாக வரைந்தார். இரண்டும் ஒன்று போல இல்லை. இசிடோர் இரண்டையும் கோடு பிசகாமல் தைத்தார்.

7

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது எழுதுகிறவனுக்கு ஒரு சமாதானக் காட்சி தேவைப்படும். கிளாரிஸ் ஓடிவர வேண்டும், அத்தை காலில் விழ வேண்டும், கண்ணீர். நானும் எழுதினேன். இரண்டு பக்கம். அடுப்பில் போட்டுவிட்டேன். ஏனென்றால் கிளாரிஸ் அந்த வீட்டுக்கு வந்தது சமாதானத்துக்கு இல்லை, சுருக்குக்கு.

மொக்காசினின் முன்பக்கத்தில் அடித்தோலின் விளிம்பைச் சின்னச் சின்னதாகச் சுருக்கி மேல்துண்டோடு சேர்க்க வேண்டும். இங்கே கைத்திறம் எல்லாம் அந்தச் சுருக்கில்தான். ஒரே அளவாக, சூரியனின் கதிர் போல வர வேண்டும். திறப்பு விரல் வரை போய்விட்டதால் வலது காலில் சுருக்குக்கு இடமே குறைவு. டெல்ஃபின் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் இழு, அவ்வளவு இல்லை, ஊசியைச் சாய், அந்தப் பக்கம் இல்லை. இசிடோர் நான்கு முறை பிரித்தார். தோலில் துளைகள் பெருகிக்கொண்டே வந்தன; இன்னொரு தரம் பிரித்தால் விளிம்பு கிழிந்துவிடும். டெல்ஃபின் தன் வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது மடியிலேயே கிடந்தது. வாயால் சொல்ல முடியாத வேலை இது. பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்துத்தான் பிடித்துக்கொள்ள முடியும். டெல்ஃபினின் விரலை நான்கு குளிர்காலம் பார்த்தவர் ஊரில் ஒருத்திதான்.

"அவளக் கூப்பிடு" என்றார் டெல்ஃபின்.

இசிடோர் போன் செய்தார். கிளாரிஸ் பத்து நிமிடத்தில் தாழ்வாரத்தில் நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே வரவில்லை. நாற்காலியில் இருந்த பூட்ஸுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். ஆறு ஜோடி. நாற்காலியைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, மேசையருகே பழைய இடத்தில் வைத்தாள்.

டெல்ஃபின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

"ஒரு கால் ஆடும். பாத்து உக்காரு."

"சரி அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. கிளாரிஸ் வலது காலை எடுத்துக்கொண்டாள். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டாள், புதிதாக ஒன்றுகூடப் போடவில்லை. டெல்ஃபின் கண் அவள் விரலில். இசிடோர் கண்ணும் அங்கேதான். பதினோரு சுருக்கு. பிறகு இசிடோர் இடது காலைத் தானே சுருக்கினார், ஒரே தடவையில். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டார். கிளாரிஸ் தோல்வாரைப் பின்ன ஆரம்பித்தாள், டெல்ஃபின் டீ போடச் சொன்னார். நன்றாக வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

அப்போது பூவைக் கிளாரிஸ் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியாது, மூக்குக்குக் கீழே இருந்தது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து அவள் செய்ததிலேயே கடினமான காரியம் அதுதான்.

8

ஜூன் மாத ஆட்டம். சூரியன் இறங்க மனமில்லாமல் நிற்கிற சாயங்காலம். கூடத்தின் இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைத்திருந்தார்கள். போனிஃபாஸும் மற்றவர்களும் டிரம்முகளை அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் பக்கம் டீயோடு நின்றேன்.

டெல்ஃபின் இசிடோரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூடத்தில் இருந்த எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் காலைப் பார்த்தார்கள். பட்டை கண்ணுக்கே தெரியவில்லை. தேன் நிறத் தோல், முழங்கால் வரை சுற்றிய வார், வலது கால் கொஞ்சம் பெரிது. நடுவில் அந்தப் பூ. போனிஃபாஸ் டிரம்மை அடுப்பிலிருந்து எடுக்க மறந்து நின்றார். பிறகு இசிடோரைப் பார்த்துத் தன் இடுப்பைச் சுட்டிக்காட்டி, தனக்கும் ஒன்று என்று சைகை செய்தார்.

முதல் பாட்டு தொடங்கியது. டெல்ஃபின் பெஞ்சில்தான் இருந்தார். வலது கால் வார் தளர்ந்திருந்தது. கிளாரிஸ் எங்கிருந்தோ வந்து, கீழே உட்கார்ந்து அதை அவிழ்த்துக் கட்டினாள். அப்போது டெல்ஃபின் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். ஒரு வார்த்தையோடு முடியவில்லை. பாட்டில் ஒரு சுற்று முடிகிற அளவுக்கு நீளமாக. கிளாரிஸின் கை வாரில் அப்படியே நின்றது. பிறகு டெல்ஃபின் இடது கையை அவள் தோளில் ஊன்றி எழுந்தார்.

இங்கே ஆட்டம் துள்ளல் இல்லை. ஒருவர் பின் ஒருவராக, பாதத்தைத் தரையை விட்டு அதிகம் எடுக்காமல், தேய்த்துத் தேய்த்து வட்டமாகச் சுற்றுவது. டெல்ஃபினின் வலது கால் இழுபடுகிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். மூன்று சுற்று வந்தார். முன்னால் இசிடோர், பின்னால் கிளாரிஸ்.

காதில் என்ன சொன்னார்?

கதையின் முடிவு அந்த வரிதான் என்று எனக்குத் தெரியும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில், புதுப் பூவை இனி நீ தைக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக் கொடு என்கிறார். இன்னொன்றில், இது உன் கண்ணோடு இருக்கட்டும், கைக்கு வரக் கூடாது என்கிறார். மூன்றாவதில், மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த திட்டை முழுசாகத் திட்டித் தீர்க்கிறார். மூன்றுமே எழுத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன. இசிடோரைக் கேட்டேன், வாரைத் தப்பாகக் கட்டுகிறாய் என்று சொல்லியிருப்பாள், வேறென்ன என்றார். கிளாரிஸைக் கேட்டேன், சிரித்துவிட்டுத் தன் கடிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் டெல்ஃபினையே கேட்டேன். முழுக் கதையையும் சொல்லி முடித்த அன்று, மூன்று முடிவையும் வரிசையாகச் சொல்லி, எது சரி என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உனக்குச் சொல்லணும்னா உன் காதுல சொல்லியிருப்பேன்."

ஆகவே அந்த வரி இந்தக் கதையில் இல்லை. நீங்கள் வைத்துக்கொள்ளலாம். என் மூன்றில் ஒன்றையோ, உங்களுக்குத் தோன்றுகிற நான்காவதையோ. நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஒன்றே ஒன்றுதான். டிரம் சத்தத்தில் டெல்ஃபின் பேசியது எனக்குக் கேட்கவில்லையே தவிர, அவர் எழுந்திருக்கும்போது பாட்டு ஒரு நொடி மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் கிளாரிஸ் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அது முடியாது அத்தை" என்றாள். டெல்ஃபின் சிரித்தார்.

நீங்கள் வைக்கிற வரி எதுவானாலும், அதற்கு அந்தப் பதிலும் அந்தச் சிரிப்பும் பொருந்த வேண்டும்.